போர் வரலாறு பார்க்க எங்கே போகலாம்: பத்து மாவுங்கா, கோட்டையா, தைப்பிங்கா, காஞ்சனாபுரியா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழும். பிள்ளை இடைநிலைப்பள்ளியில் படிக்கிறது, வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சி வந்துவிட்டது. “எங்கேயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டினா மனசுல நிக்கும், எங்கே போகலாம்?” என்று அப்பா கேட்பார். அதே வீட்டில் ஒரு பாட்டி இருப்பார். “எங்கப்பாவைச் சயாம் ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க” என்று எப்போதாவது சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். போரின்போது ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதைதான் அந்தச் சயாம் ரயில். பிள்ளையின் பாடப்புத்தகக் கேள்விக்கும் பாட்டியின் கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கலே அதனால்தான்.

பினாங்கிலிருந்து நியாயமாகப் போய்வரக்கூடியவை நான்கு: தீவின் தென்கிழக்கில் பத்து மாவுங் குன்றிலுள்ள போர் அருங்காட்சியகம், ஜோர்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டை, தைப்பிங் போர்க் கல்லறை, எல்லை தாண்டித் தாய்லாந்தின் காஞ்சனாபுரி. கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கும் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

டிக்கெட் விலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். போர் வரலாற்று இடங்கள் மூன்று விதம். சிலவற்றில் சம்பவம் நடந்த சுவரும் சுரங்கமும் அப்படியே இருக்கும், விளக்கம் குறைவு. சிலவற்றில் வரைபடம், படம், புள்ளிவிவரம் என்று விளக்கம் நிறைந்திருக்கும். மூன்றாவது வகையில் கிடைப்பது பெயர்கள் மட்டும்: இன்னார், இன்ன படை, இன்ன தேதி. மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

அடுத்தது, யார் யார் போகிறீர்கள் என்பது. படிக்கட்டும் மேடுபள்ளமும் முழங்கால்வலிக்காரர்களுக்கு ஆகாது. மத்தியான வெயிலில் நிழலில்லாத புல்வெளியில் ஆறு வயதுப் பிள்ளை பத்து நிமிடம் தாங்கும்.

மூன்றாவது, உண்மையான செலவு. நுழைவுக் கட்டணம் இதில் சின்னப் பங்குதான். கிராப், டோல், சாப்பாடு, ஒரு நாள் லீவு, நெரிசலில் போகும் நேரம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மலேசியரல்லாத விருந்தினர் கூட வந்தால் அவர்களுக்குப் பல இடங்களில் கட்டணம் கூடுதல், உங்கள் மைகார்டை (மலேசிய அடையாள அட்டையை) மறக்க வேண்டாம்.

நான்காவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் நமக்கு அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்: அந்த இடத்தில் நம்மவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா? மலாயாவில் நடந்த போரில் தமிழர்கள் தோட்டத் தொழிலாளியாக, ரயில்பாதைக் கூலியாக, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து வீரனாக, அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படைப் பெண்ணாக இருந்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அவர்களைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த ஏமாற்றம் எங்கே எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

## பத்து மாவுங் போர் அருங்காட்சியகம்

நான்கில் பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும் இடம் இதுதான். 1930-களில் கடல்வழித் தாக்குதலைத் தடுக்கப் பிரிட்டிஷார் கட்டிய அரண் இது. போருக்குப்பின் பல பத்தாண்டுகள் காடு மூடிக் கிடந்ததைச் சுத்தம் செய்து 2002-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தனியார் நடத்துவது. குன்று முழுவதுமே காட்சிப்பொருள்: பீரங்கி மேடை, வெடிமருந்துக் கிடங்கு, படைவீரர் தங்குமிடம், சமையல் கூடம், காற்று வரக் குழாய் வைத்த நிலவறை.

இங்கே விளக்கப் பலகைகளை நம்பிப் போவதைவிட, போகுமுன் வீட்டிலேயே கதையைச் சொல்லிவிடுவது மேல். கதை சுருக்கமானதுதான். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டானிக் கரைகளிலும் இறங்கினார்கள். ஜித்ராவில் பிரிட்டிஷ் இந்தியப் படையை முறியடித்துத் தரைவழியாகத் தெற்கே வந்தார்கள். 11-ஆம் தேதி ஜோர்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. விமானத்தைப் பார்த்த ஜனங்கள் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், நம் விமானம் என்று நினைத்து. 16-ஆம் தேதி இரவு ஐரோப்பியர்களைக் கப்பலேற்றிக்கொண்டு நிர்வாகம் தீவைவிட்டு நழுவியது. உள்ளூர்க்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 19-ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தார்கள். கடலைப் பார்த்து நின்ற அந்தக் குன்றில், போர் என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பீரங்கி மேடையில் நின்றால், அந்தப் பெரிய வட்டக் குழியே ஒரு பாடம். எதிரி வராத திசையைப் பார்த்து எவ்வளவு காங்கிரீட் கொட்டியிருக்கிறார்கள்!

நிலத்தடிப் பாதையைத் தவறவிட வேண்டாம். சில இடங்களில் பெரியவர்கள் குனிந்தும் தவழ்ந்தும்தான் போக முடியும். முன்னால் போகிறவரின் செருப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும் பிள்ளைகள் “இன்னொரு தடவை” என்பார்கள். பெரியவர்கள் முதுகைப் பிடித்துக்கொள்வார்கள்.

குறை எங்கே? ஜப்பானியர் காலத்தில் இந்தக் குன்று சிறையாகவும் வதைக்கூடமாகவும் இருந்தது என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்துப் பேய்க்கதைகளும் வளர்ந்துவிட்டன. பேய் உலா வேண்டுமென்று வருகிற கூட்டம் தனி. வேடிக்கைக்கு அது சரிதான். ஆனால் பாடத்துக்காக வருகிற பிள்ளைக்கு எது ஆவணத்தில் இருப்பது, எது வாய்வழி வந்தது என்று பிரித்துச் சொல்லக் கூட ஒரு பெரியவர் வேண்டும். நம்மவர்கள் இங்கே கிட்டத்தட்ட இல்லை. பிரிட்டிஷ் இந்தியப் படை என்ற அளவில் பேச்சு நின்றுவிடும்.

மறைமுகச் செலவு மூன்று. முதலாவது கொசு: மருந்து தடவாமல் போனால் அன்றிரவு முழுவதும் சொறியலாம். இரண்டாவது காலணி: மழைக்குப்பின் படிகள் வழுக்கும், சிலிப்பர் ஆகாது. மூன்றாவது சாலை: ஜோர்ஜ்டவுனிலிருந்து போனால் திரும்பும்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விடும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள், நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். செபராங் பிறை பக்கத்தவர்களுக்கு 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் நேரே பத்து மாவுங்கில் கொண்டுவந்து விடும், டோல் மட்டும் கணக்கில் வையுங்கள். கிளம்புமுன் போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுவதும் நல்லது.

எட்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள், நடக்கக்கூடிய பெரியவர்கள், அரைநாள் நேரம் உள்ளவர்கள் யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

## கார்ன்வாலிஸ் கோட்டை

பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவதானால் இதுதான் வசதி. சமதரை, நகரின் நடு, பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு.

1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் முதலில் நிபோங் மரத்தால் வேலி அடித்தார்கள். பிறகு 1800-களின் தொடக்கத்தில் செங்கல்லும் கல்லும் வைத்துக் கட்டினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நட்சத்திர வடிவம், சுமார் மூன்று மீட்டர் உயரச் சுவர். சுற்றியிருந்த அகழியை மலேரியாவுக்குப் பயந்து 1920-களில் மூடினார்கள், அண்மை ஆண்டுகளில் அதை மீட்கும் வேலை நடந்து வந்திருக்கிறது. ஆகவே சில பகுதிகள் தடுப்புப் போட்டு மூடியிருக்கலாம்.

இந்தக் கோட்டை வாழ்நாளில் ஒரு போரும் பார்த்ததில்லை என்பதால் “போர் வரலாறு” தேடி வருகிறவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஸ்ரீ ரம்பாய் பீரங்கி உண்டு, 1603 என்று பொறித்த டச்சுக்காரர் பீரங்கி. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று பல கைகள் மாறி, 1871-இல் பிரிட்டிஷார் பிடித்துக் கொண்டுவந்தது. பிள்ளை வரம் வேண்டி அதில் பூ வைக்கும் பழக்கம்கூட இருந்தது. படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவே.

ஆனால் பிரிட்டிஷார் நழுவிய பிறகு வந்த நாட்களின் கதை தெரிந்தால் கொடிக்கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பீர்கள். அதிகாரிகள் போய்விட்டார்கள், கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் இன்னும் பறக்கிறது. அதைப் பார்த்தால் ஜப்பானியர் மேலும் குண்டு போடுவார்கள். அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றிய காரியத்துக்கு முன்னின்றவர் எம். சரவணமுத்து, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழர். யாரும் நியமிக்காத வேலை அது. உள்ளூர் இனத் தலைவர்கள் சேர்ந்த குழுவின் துணையோடு பொறுப்பை எடுத்துக்கொண்டார். அப்புறம் ஜப்பானியரும் அவரைச் சும்மா விடவில்லை, சிறையில் தள்ளினார்கள். எனக்கு இந்தக் கோட்டையின் மதிப்பு பீரங்கியில் இல்லை, இந்தக் கொடிக்கதையில்தான் இருக்கிறது. பாட்டியும் பேரனும் ஒரே நேரத்தில் காதுகொடுத்துக் கேட்கும் கதை இது ஒன்றுதான். கோட்டையில் இதற்கென்று பெரிய பலகை எதிர்பார்க்காதீர்கள். நீங்களேதான் சொல்ல வேண்டும்.

கோட்டை ஒன்றையே பார்த்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், காசுக்கு ஈடாகாது. கூட இரண்டு இடம் சேர்த்தால் அரைநாள் நிறைவாகும். பக்கத்திலேயே பாடாங் கோத்தா லாமாவில் போர் நினைவுத் தூண். பிறகு வண்டி எடுத்து, தைப்பூச ரதம் போகும் ஜாலான் உத்தாமாவில் இருக்கும் பழைய கிறிஸ்தவ இடுகாடு. தண்ணீர்ப் பந்தல்களுக்கு நடுவே நாம் வருஷா வருஷம் கடந்துபோகிற இடம்தான். அங்கே ரஷ்ய மாலுமிகளின் நினைவுக்கல் இருக்கிறது. 1914 அக்டோபர் 28 விடியலில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் போலியாக ஒரு புகைபோக்கி கட்டி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டுப் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்ச்சுக்கை மூழ்கடித்தது. எண்பது மாலுமிகளுக்குமேல் இறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், செப்டம்பர் 22 அன்று, அதே எம்டன் சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்திருந்தால் இங்கே கூட்டிப் போங்கள், ஊருக்குப் போய்ச் சொல்ல அவர்களுக்கும் ஒரு கதை கிடைக்கும்.

மறைமுகச் செலவு என்றால் பார்க்கிங்தான். வார இறுதியில் எஸ்பிளனேட் பக்கம் இடம் கிடைக்காது. கிராப் எடுப்பது தலைவலி குறைவு.

## தைப்பிங் போர்க் கல்லறை

இதை அருங்காட்சியகம் என்று சொல்ல முடியாது, கூரையே இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. வடிவான புல்வெளி, வரிசை வரிசையாகக் கல், பின்னால் புக்கிட் லாரூட் மலை. புக்கிட் லாரூட்டுக்குப் போகும் சாலை நடுவே ஓட, ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள், மறுபக்கம் இந்தியப் படையைச் சேர்ந்த இஸ்லாமியர், இந்துக்கள், கூர்க்காக்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இறந்த 850 பேருக்குமேல் இங்கே. அதில் 500-க்கும் மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியாது. இதற்குக் காரணம் பின்வாங்கிய வேகம். ஜித்ராவிலிருந்து சிலிம் ரிவர் வரை நிற்க நேரமில்லாமல் படை தெற்கே ஓடியபோது, இறந்தவர்களைச் சாலையோரம், தோட்டத்து ஓரம் என்று கிடைத்த இடத்தில் புதைத்துவிட்டுப் போனார்கள். போர் முடிந்தபின் அங்கங்கே தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குள் அடையாளம் அழிந்துவிட்டது.

கல்வெட்டுகளை நிதானமாகப் படித்துக்கொண்டு போகக்கூடியவர்களுக்கு இதைவிட நேர்மையான இடம் பக்கத்தில் இல்லை. பஞ்சாப் ரெஜிமெண்ட், கூர்க்கா ரைபிள்ஸ் என்று வரிசையாக வரும். படைப்பெயர், தேதி, சில கல்லில் வயது. இருபது, இருபத்திரண்டு. நாலைந்து கல் தாண்டினால் பெயரிருக்க வேண்டிய இடத்தில் ஒரு போர்வீரர் என்பது மட்டும். மூன்றாம் படிவப் பிள்ளைக்கு இது புரியும், சின்னப் பிள்ளைகளுக்குப் புல்வெளியில் ஓடத்தான் தோன்றும். அவர்களை அதட்டிக்கொண்டே இருந்தால் உங்களுக்கும் பார்க்க முடியாது.

நம்மவர்கள்? “இந்தியர்” என்ற தலைப்பின்கீழ் இருப்பவர்களில் பெரும்பாலோர் வட இந்தியாவிலும் நேபாளத்திலும் ஆளெடுத்த படைகளைச் சேர்ந்தவர்கள். தோட்டத் தமிழர் கதை இங்கே இல்லை. இது குறையன்று, கல்லறை சீருடை போட்டவர்களுக்கானது. ஆனால் பாட்டியின் கேள்வியோடு இங்கே வந்தால் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயில் தைப்பிங்கில் நிற்கும், காரில் வந்தால் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதி ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காவிட்டால் கிடைக்காது. மழையைச் சொல்லவே வேண்டாம், தீபகற்பத்திலேயே அதிகம் மழை கொட்டும் ஊர் என்று பெயரெடுத்தது தைப்பிங். காலை பதினொன்றுக்குள் கல்லறையை முடித்துவிட்டு மீதியை ஏரிப் பூங்காவுக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் ஒதுக்குங்கள். சண்டை நடந்த இடத்தையே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் தெற்கே கம்பார் வரை போகலாம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியரை நிறுத்திவைத்த மேடு அங்கே இருக்கிறது. ஆனால் அது ஆர்வலர்களுக்கான பயணம், குடும்பத்தோடு போனால் காரிலேயே இருந்துவிடுவார்கள்.

## காஞ்சனாபுரி

பாட்டியின் கேள்விக்குப் பதில் தேடினால் கடவுச்சீட்டு எடுக்க வேண்டியதுதான்.

சயாம்–பர்மா ரயில்பாதை, தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். வேலை செய்த நேசப் படைக் கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களுக்குக் கணக்கு உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு, இறந்தவர்களும் பல மடங்கு. தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு, ஆனால் எண்ணிச் சொன்ன எண் இல்லை. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத் தமிழர்கள். முதலில் நல்ல சம்பளம், சில மாதம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததால் ஆள் கிடைக்காமல் போனதும் பிடித்துப் போட்டார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், ராணுவ ஒழுங்கு இருந்தது, பெயர்ப் பதிவேடு எழுதினார்கள். தொழிலாளர் முகாம்களில் இவை எதுவும் இல்லை. சாவு எண்ணிக்கை ஏன் அப்படி ஏறியது, பெயர்கள் ஏன் மிஞ்சவில்லை என்ற இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

காஞ்சனாபுரி நகரில் முதலில் போக வேண்டியது 2003-இல் திறந்த தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம். நான்கு தேர்வுகளில் விளக்கம் மிக நன்றாக இருக்கும் இடம் இது: பாதை எப்படித் திட்டமிடப்பட்டது, முகாம்கள் எங்கே, யார் எவ்வளவு பேர், எதனால் இறந்தார்கள் என்று ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களும் கணக்கில் வருகிறார்கள். வெளியே வந்தால் பக்கத்திலேயே போர்க் கல்லறை, ஏறக்குறைய ஏழாயிரம் கற்கள். கற்களைப் படித்துக்கொண்டே போனால் ஒரு தமிழ்ப் பெயரும் வராது. இதைப் பார்த்துவிட்டு அப்படியே குவாய் ஆற்று ரயில் பாலத்தில் படம் எடுக்கப் போய்விடாதீர்கள். வாட் தாவோர்ன் விகாரைக்குப் போங்கள். தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த இடம் அங்கே இருக்கிறது. இறந்த தமிழர்களுக்காக 2023-இல் நடுகல் ஒன்றும் அங்கே எழுப்பப்பட்டது. கற்பூரம், பூ கொண்டுபோகிறவர்கள் உண்டு. பாட்டிக்கு இது போதும் என்றே சொல்வேன்.

நகரிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி ஹெல்ஃபயர் பாஸ். மலையைக் கையால் குடைந்த கணவாய், ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம், இலவசம். இறங்கி ஏறப் படிகள் நிறைய, பெரியவர்களை மேலேயே உட்கார வைத்துவிடலாம். நாம் தோக் வரை இன்றும் ஓடும் ரயிலில் ஏறினால் தாம் கிராசே மரப்பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து போகும். ஒரு பக்கம் பாறை, கையை நீட்டினால் உரசிவிடும், மறுபக்கம் கீழே ஆறு. அந்தக் கட்டைகளை யார் தூக்கினார்கள் என்று பிள்ளைகளுக்கு அங்கே ஒன்றும் விளக்கத் தேவையிருக்காது.

செலவுதான் கையைக் கடிக்கும். மூன்று நாளுக்குக் குறைந்து போய்வருவதில் அர்த்தமில்லை, நான்கு நாள் உத்தமம். விமானத்தில் பேங்காக் போய், அங்கிருந்து வேன் பிடிப்பது வேகம். ரயில் பிரியர்கள் பட்டர்வொர்த்திலிருந்து கொமுத்தர் ரயிலில் எல்லையிலுள்ள பாடாங் பெசார் போய், இரவு ரயிலில் படுத்து, காலையில் நக்கோன் பாதோமில் இறங்கினால் பேங்காக் போகாமலே மாறிவிடலாம். பிள்ளைகளின் கடவுச்சீட்டில் ஆறு மாதம் பாக்கியிருக்கிறதா பாருங்கள். 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைய மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளங்களில் ஏமாறாதீர்கள். ஆண்டிறுதி விடுமுறையில் ஹாட்யாய்ப் பக்கம் வெள்ளம் வந்து ரயில் நிற்பதுண்டு, அப்போது விமானமே பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| | பத்து மாவுங் | கார்ன்வாலிஸ் கோட்டை | தைப்பிங் | காஞ்சனாபுரி |
|---|---|---|---|---|
| நேரம் | அரைநாள் | கோட்டை மட்டும் ஒரு மணிக்குள், சுற்றிப் பார்த்தால் அரைநாள் | ஒரு நாள் | 3 முதல் 4 நாள் |
| என்ன கிடைக்கும் | நிஜச் சுவரும் சுரங்கமும் | நகரக் கதை | பெயர்கள், பெயரில்லாத கற்கள் | விளக்கம், நினைவிடம் |
| முழங்கால்வலிக்கு | ஆகாது | ஆகும் | ஆகும் | இடத்துக்கு இடம் |
| சின்னப் பிள்ளைகள் | மிகப் பிடிக்கும் | பரவாயில்லை | சலிப்பு | பத்து வயதுக்குமேல் |
| நம்மவர்கள் | கிட்டத்தட்ட இல்லை | சொன்னால்தான் தெரியும் | படைவீரர் மட்டும் | உண்டு, பெயரில்லாமல் |
| செலவு | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |

## கோலாலம்பூர்க்காரர்களுக்கு

ஜப்பானியர் காலத்துக்காக மட்டும் பினாங்கு வரை ஓட வேண்டியதில்லை. எம்.ஆர்.டி. நிலையத்தை ஒட்டியே இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் பாடத்துக்குத் தேவையான அளவு இருக்கிறது. உங்கள் பக்கம் பலம் அவசரகாலம், அதாவது 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்டுகளோடு நடந்த போராட்டம். அதற்குத் தாமான் தாசேக் பெர்டானா வட்டாரத்திலுள்ள காவல்துறை அருங்காட்சியகம் அருமை. பக்கத்திலேயே 1966-இல் திறந்த துகு நெகாரா, அதாவது தேசிய நினைவுச்சின்னம். டாங்கி, விமானம் என்று ஏறிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் தரைப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனால் கடற்கரையும் சேர்ந்து கிடைக்கும். அரசு அருங்காட்சியகங்களில் திங்கட்கிழமையும் வெள்ளி மத்தியான இடைவேளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, கையில் ஒரே ஒரு சனிக்கிழமை: பத்து மாவுங். மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போக வேண்டும், யாரும் களைக்கக் கூடாது: கோட்டையும் ஜாலான் உத்தாமாவும். வரலாற்றில் உண்மையான ஈடுபாடுள்ள பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ தனியாக: தைப்பிங், ரயிலில். பத்து மாவுங்கையும் கோட்டையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பி மாலையில் பிள்ளைகள் காரில் தூங்கிவிடுவார்கள்.

வீட்டில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால், திரும்பி வந்தாரோ இல்லையோ, மற்ற மூன்றையும் தள்ளிவைத்துவிட்டுக் காஞ்சனாபுரிக்குச் சேமியுங்கள். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை. பெரியவர் பயணம் தாங்குவாரா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்கமாட்டார் என்றால் நடுகல்லிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டலாம், அங்கே இணையச் சேவைக்குக் குறைவில்லை. கிளம்புமுன் அவரிடம் உட்கார்ந்து போனவரின் முழுப்பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு, யாரோடு போனார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கைதிகளைப்போல் தொழிலாளர்களுக்கு முழுமையான பதிவேடு இல்லாததால், மையத்தில் யாரிடமாவது விசாரிக்கவும் இந்தத் துணுக்குகள்தான் உதவும். போகும் மாதம் ஜனவரியோ பிப்ரவரியோ ஆக இருந்தால் வெயில் குறைவு. ஏப்ரலில் போகாதீர்கள். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பாலத்தருகே ஒளியொலித் திருவிழா நடக்கும், அந்த வாரங்களில் அறை வாடகை ஏறிவிடும், நடுகல் பக்கம் போகத் திருவிழா தேவையுமில்லை.